மழைத் தண்ணீர் டிரம்மில் ஒரு தோமான்

என் மகள் வாழப்போகிற வீட்டைப் பார்த்துவிட்டு வருவதற்காக ஐந்து நாள் மலேசியா போயிருந்தேன். ராசிபுரத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. ஐம்பத்து நான்கு வயதாகிறது, அதுவரை கடல் தாண்டியதில்லை. கிணற்றில்கூட இறங்கியதில்லை, நீச்சல் தெரியாது. மகள் நித்யா கோயம்புத்தூரில் பொறியியல் படித்தபோது கூடப் படித்தவன், அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் லோகன். மலேசியாவில் சுங்கைப் பட்டாணி என்ற ஊர்க்காரன். இப்போது பக்கத்து ஊரான குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். "நீங்களே போய்ப் பாருங்கப்பா, அப்பறம் சொல்லுங்க" என்றாள் நித்யா. என் மனைவிக்குக் கூட வர உடம்பு இடம் கொடுக்கவில்லை. "பையன் சரீங்க. வீட்டுல இருக்கற மனுசங்களப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

பினாங்கு விமான நிலையத்திலேயே பயம் ஆரம்பித்துவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி என்னவோ கேட்டாள். எத்தனை நாள் என்று கேட்பதாக நினைத்து ஐந்து விரலைக் காட்டினேன். மறுபடி கேட்டாள். மறுபடி ஐந்து விரல். என்னை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஊரில் எல்லோரும் சிரிப்பார்கள் என்று உள்ளங்கை வியர்த்தது. பின்னால் நின்ற தமிழ்க்காரர், "கண்ணாடியக் கழட்டச் சொல்றாங்க அண்ணே, போட்டோ புடிக்க" என்றார். கழற்றினேன். முத்திரை விழுந்தது.

வெளியே லோகன் காத்திருந்தான். ஒல்லியான பையன். என் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். "காடி அந்தப் பக்கம் நிக்கிது அங்கிள்" என்றான். காடி என்றால் கார். பேச்சுக்கு நடுவில் அங்கங்கே 'லா' என்று ஓர் ஒட்டும் வந்தது. கடலுக்கு மேல் போகும் பாலத்தில் நூறுக்குக் குறையாத வேகத்தில் ஓட்டினான். நான் முன்னால் இருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். பாலம் முடிந்ததும் பச்சை. எங்கள் ஊரில் பச்சையைப் பார்க்க மழைக்குக் காத்திருக்க வேண்டும், இங்கே அது சாலைக்குள் வந்துவிடாமல் வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

வீடு சுங்கைப் பட்டாணியில், பாக்கார் ஆராங் என்ற பகுதியில். ஒரே மாதிரியான வரிசை வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரும்புக் கிராதி, கிராதிக்குள் கார். லோகனின் அப்பா மணியம் வாசலுக்கு வந்தார். எஸ்டேட்டில் பிறந்து, தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், அகலமான கைகள். "வாங்க சம்பந்தி" என்றார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. நான் சிரித்துவைத்தேன்.

சாப்பாடு பிரமாதம். லோகனின் அம்மா சாந்தி கோழிப் பிரட்டல், மிளகாய் அரைத்த சம்பால், கங்கோங் கீரை என்று அடுக்கிவிட்டார். அந்தச் சம்பாலின் காரம் கண்ணில் நின்றது. ஆனால் நான் கவனித்தது வேறு. மணியம் முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை அந்த அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தார். அவர் மென்று விழுங்கி அடுத்த கவளத்துக்குக் கை போன பிறகுதான் எங்களுக்குப் பரிமாறினார்.

நடுவில் லோகன் ஏதோ சொன்னான், மறுநாள் எனக்குக் கோயில்களைச் சுற்றிக் காட்டலாம் என்று. மணியம் நிமிர்ந்தார். "நாளைக்கு ஏரிக்குப் போறோம்னு சொன்னேன்ல" என்றார். சத்தம் போடவில்லை, குரல் தாழ்ந்தது. மோட்டாரில் லோடு ஏறினால் ஓசை இறங்குமே, அந்த மாதிரி. மேஜையில் பேச்சு நின்றது. லோகன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். என் வீட்டில் நித்யா சாப்பிடும்போது பேசிக்கொண்டே இருப்பாள்.

இரண்டாம் நாள் விடியலில் கிளம்பினோம். வழியில் ஒரு கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், பருப்புக் கறி, நுரை தள்ளிய டீ. நம் ஊர் டீ கிளாஸைவிட மூன்று மடங்கு பெரிய கிளாஸ். மணியம் உற்சாகமாக இருந்தார். எஸ்டேட் ஓடையில் கையால் மீன் பிடித்த கதைகளைச் சொன்னார். அவர் சிரிக்கும்போது நல்ல மனிதராகத் தெரிந்தார், அதுவும் எனக்குக் குழப்பமாக இருந்தது. பதினோரு வருடமாக ஒரு பெரிய தோமானுக்காக அலைவதாகச் சொன்னார். தோமான் விரால் இனத்து மீன். நம் விராலின் ராட்சத அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏரி சிக் என்ற ஊர்ப் பக்கம், காட்டுக்கு நடுவில் அணை கட்டித் தேக்கியது. காட்டை வெட்டாமலே தண்ணீரை விட்டிருக்கிறார்கள் போல. செத்த மரங்கள் மொட்டையாகத் தண்ணீரில் நின்றன. படகுக்காரர் பாக் மாட், அறுபது வயது மலாய்க்காரர். என்னைப் பார்த்ததும் மிதவைச் சட்டையை அவரே எனக்கு மாட்டிவிட்டு நாடாவை இழுத்துக் கட்டினார்.

கரை தூரமானது. பலகையை இறுக்கிப் பிடித்தபடி கீழே பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, தேயிலைச் சாயம் மாதிரி கறுப்பு. ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். பாக் மாட் சொன்னதை லோகன் தமிழில் சொன்னான்: "மரம் முழுசா முங்கற அளவு அங்கிள்." கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஒரு வளைவில் பாக் மாட் மோட்டாரை அணைத்துக் கையை நீட்டினார். தண்ணீரின்மேல் ஒரு பாய் அகலத்துக்குச் சிவப்பு. கொதிப்பதுபோலக் குமிழ்ந்து அடங்கியது, மறுபடி குமிழ்ந்தது. "தோமான் குஞ்சு அங்கிள்" என்று கிசுகிசுத்தான் லோகன். "மூச்சு வாங்க மேல வருது. அடியில தாய் தகப்பன் ரெண்டும் காவலுக்கு இருக்கும். கிட்ட எது வந்தாலும் அடிக்கும்."

மணியம் அந்தச் சிவப்பின் நடுவில் தூண்டிலில் மாட்டிய ஒரு ரப்பர் தவளையை வீசினார். லோகன் "பா, வேணாம்" என்றான். அதற்குள் தண்ணீர் வெடித்தது.

அடுத்த பத்து நிமிடமும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. மீன் மரங்களுக்குள் ஓடப் பார்க்க, மணியம் கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். கடைசியில் பாக் மாட் வலையில் அள்ளிப் போட்டபோது அது என் கால்மாட்டில் வந்து விழுந்தது. என் தொடை கனம், கருநீல முதுகு, வாய் நிறையப் பல். ஒன்பது கிலோ காட்டியது தராசு.

பாக் மாட் அதன் உதட்டைத் தொட்டு ஏதோ சொன்னார். அங்கே பழைய தழும்பு ஒன்று இருந்தது. "இத முன்னாடியே யாரோ புடிச்சு விட்டிருக்காங்கன்னு சொல்றாரு" என்றான் லோகன். பிறகு அப்பாவைப் பார்த்தான். "அவங்க விட்டதாலதான் இன்னிக்கு உங்களுக்குக் கெடச்சிருக்கு. போட்டோ எடுத்துட்டு விட்றலாம்பா. குஞ்சுங்க கீழ இருக்கு லா. இது இல்லன்னா மத்த மீனுங்க வந்து தின்னுரும். திங்கறதுக்குச் சின்னதா ரெண்டு புடிச்சுக்கலாம்."

"எங்கப்பாரு ஓடையில மீன் புடிச்ச அன்னிக்குத்தான் எங்க வீட்டுல கறி" என்றார் மணியம். "விட்டுட்டு வந்தேன்னு சொன்னா எங்கம்மா என்னய அடிச்சிருக்கும். வாயில முள்ள மாட்டி, இழுத்து வெளயாடி, படம் புடிச்சிட்டுத் திரும்ப விடுறீங்களே, அது மட்டும் புண்ணியமா? திங்கறதுக்குப் புடிச்சாத்தான் அந்த மீனுக்கு மரியாத."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் என் கண் தண்ணீர்மேல் இருந்தது. சிவப்புக் கூட்டம் சிதறி, ஒன்றுசேர்ந்து, படகுக்குப் பக்கத்திலேயே சுற்றியது. தாயைத் தேடுகிறது என்று எனக்குத் தோன்றியது.

"பா, பிளீஸ் லா" என்றான் லோகன்.

மணியத்தின் குரல் இறங்கியது. "பதினொரு வருசம்டா." பிறகு என் பக்கம் திரும்பினார். "சம்பந்தி, நீங்க சொல்லுங்க. வீட்டுக்கு விருந்தாளி நீங்க. உங்களுக்காகத்தான் புடிச்சேன். வச்சுக்கலாமா, விட்றலாமா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சுற்றிலும் கறுப்புத் தண்ணீர். விடச் சொல்ல வேண்டும் என்றுதான் என் மனம் சொன்னது. வாய் திறந்தபோது, அந்தப் பெரிய கைகளும் தாழ்ந்த குரலும், நாளை என் மகள் அவர் முன்னால் தட்டு வைக்கப்போவதும் ஒன்றாக வந்து நின்றன. "வச்சுக்கலாமுங்க" என்றேன். "ஆசையாப் புடிச்சிருக்கீங்க."

லோகன் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பாக் மாட் ஈரச் சாக்கில் மீனைச் சுற்றினார். படகு கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். சிவப்புக்கு ஓரத்தில் ஏதோ ஒன்று பளிச்சென்று புரண்டது. இன்னொன்று. தாயில்லை என்று தெரிந்துகொள்ள மற்ற மீன்களுக்கு அவ்வளவு நேரம்தான் ஆகியிருந்தது. துணை மீன் கீழே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதி ஏரியில் வானம் இருண்டது. காற்றும் மழையும் ஒன்றாக இறங்கின. படகு எதன்மீதோ மோதியது, மோட்டார் கத்தியது, ஆனால் படகு நகரவில்லை. மூழ்கிய மரத்தில் இடித்து விசிறியை மோட்டாரோடு கோக்கும் 'பின்' என்ற சிறு கம்பி முறிந்துவிட்டது. பாக் மாட் மோட்டாரைத் தூக்கிவிட்டுப் பின்பக்கம் தண்ணீர்மேல் குனிந்தார். "பெல்ட்டப் புடிங்க அங்கிள்" என்று லோகன் கத்தினான். அவனும் மணியமும் துடுப்பால் மரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் நின்று அந்த மனிதரின் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். அலை முகத்தில் அடித்தது. நான் விட்டால் அவர் போய்விடுவார், அவர் போனால் நாங்களும் போய்விடுவோம். வாய் தானாக முருகா, முருகா என்றது. சாக்குக்குள் அந்த மீன் என் காலில் முட்டிக்கொண்டே இருந்தது. தோமானுக்குக் காற்றிலும் மூச்சு விட முடியுமாம், ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் சாகாதாம். அது எனக்கு அப்போது தெரியாது. ஏன் சாகவில்லை, ஏன் சாகவில்லை என்று பயந்தேன்.

புதுப் பின் ஏறியது, கரை சேர்ந்தோம். வீட்டுக் கொல்லையில் மழைத் தண்ணீர் பிடித்திருந்த நீல டிரம்மில் மணியம் மீனை விட்டு, மேலே பலகை வைத்துக் கல்லை ஏற்றினார். "நாளைக்கு மத்தியானம் கறி" என்றார் சாந்தியிடம். அன்று நித்யா அழைத்தபோது, மழையில் நனைந்துவிட்டேன், அலுப்பு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கொல்லைக்குப் போனேன். பலகை இடுக்கில் அந்த மீன் வாயை மேலே கொண்டுவந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. மணியம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சாந்தி மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தார். லோகன் கதவோரம் நின்றான்.

என்னால் அந்தக் கறியைச் சாப்பிட முடியாது என்று தெரிந்தது. அதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. சொன்னால் கல்யாணம் நின்றாலும் நிற்கும்.

"சம்பந்தி" என்றேன். அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. "நேத்து ஏரியில நான் சொன்னது பொய்யிங்க. விடணும்னுதான் நெனச்சேன். உங்களுக்குப் பயந்துட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

கத்தி கல்லில் நின்றது. "எனக்கா?"

"ஆமாங்க."

"நான் உங்கள என்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலீங்க. உங்க குரல் எறங்குச்சு. அதுக்கே பயந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாந்தியைப் பார்த்தார். அந்த அம்மா மிளகாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணியம் லோகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். மணியம் கத்தியைக் கழுவி, துடைத்து, மாடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றார் சாந்தி. மெல்லிய குரலில், என் மீது கோபமில்லாமல். "இப்ப வந்து என்னா பண்ணுவாருன்னு தெரியாது."

இரண்டு மணி நேரம். நான் பெட்டியைக்கூட அடுக்கிவிட்டேன். தெருவில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் மூவரும் நிமிர்ந்தோம். இந்த வீட்டில் இப்படித்தான் முப்பது வருடமாகக் காது கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது.

கிராதி திறந்தது. மூடி போட்ட பெரிய பெட்டி ஒன்றை மணியம் பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். டிரம்மிலிருந்து தண்ணீரையும் மீனையும் அதில் மாற்றினார். "ஏறுங்க" என்றார் என்னிடம். லோகன் காரை ஓட்டினான். எங்கே போகிறோம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சிக் போகும் சாலையில் திரும்பிய பிறகுதான் மூச்சு வந்தது, அடுத்த கணமே மறுபடி படகில் ஏற வேண்டும் என்பது நினைவுக்கு வந்து அதுவும் போனது.

பாக் மாட் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மோட்டாரை இழுத்தார். அதே வளைவு. நால்வரும் தேடினோம். சிவப்பு இல்லை. வெகு நேரம் கழித்து ஒரு செத்த மரத்தடியில் ஒரு முறம் அளவுக்குத் தண்ணீர் குமிழ்ந்தது. அதே கூட்டத்தில் மிச்சமா, வேறு கூட்டமா என்று பாக் மாட்டுக்கும் சொல்லத் தெரியவில்லை.

மணியம் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்தார். அது அசையவில்லை. நிமிர்த்தியபடி பிடித்துக்கொண்டே இருந்தார். திடீரென வால் ஓர் அடி அடித்தது, அவர் முகமெல்லாம் தண்ணீர், மீன் இல்லை.

"நாளைக்கு வேற ஆளு புடிச்சிருவான்" என்று பாக் மாட் மலாயில் சொன்னதை லோகன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"புடிக்கட்டும்" என்றார் மணியம். பிறகு என்னிடம், "இது பாதித் தப்பத்தான் சரி பண்ணியிருக்கும். நேத்தே விட்டிருக்கணும்" என்றார்.

திரும்பும் வழியில் சாயங்காலம் குருணில் டீக்கு நிறுத்தினோம். எல்லாவற்றையும் நித்யாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கடைக்கு வெளியே போய் அழைத்தேன். மீன், குஞ்சுகள், என் பொய், காலையில் நடந்தது, எதையும் மறைக்கவில்லை. அப்பா ஒரு கோழை என்று அவள் நினைத்தாலும் பரவாயில்லை என்று சொன்னேன்.

அவள் நான் எதிர்பார்த்ததைக் கேட்கவில்லை. "நீங்க வச்சுக்கலாம்னு சொன்னப்ப லோகன் என்னப்பா பண்ணுனாரு?"

"விடச் சொல்லிக் கெஞ்சுனாப்ல. அவங்கப்பா கொரல் எறங்குனதுக்கு அப்பறம் நான் சொன்னேன். அதோட பேசாம இருந்துட்டாப்ல."

"பேசாம இருந்துட்டாரா" என்றாள். "காலைல நீங்க சொன்னப்பவும்?"

"பேசலம்மா."

"அவங்கப்பாகிட்ட எனக்குப் பயமில்லப்பா. நான் லோகன்கிட்டப் பேசிக்கறேன்."

மூன்று நாளாக நான் தப்பான ஆளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான்காம் நாள் காலைப் பசியாறலில் லோகனின் கண்கள் சிவந்திருந்தன. சாந்தி இடியாப்பம் வைத்தார். மணியம் முதல் கவளத்தை எடுக்குமுன் லோகன், "பா, ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லு."

"கல்யாணம் ஆனா நானும் நித்யாவும் குருண்ல தனியா வீடு எடுத்து இருக்கப்போறோம். சண்ட இல்லப்பா. வாராவாரம் வருவோம். ஆனா தனியாத்தான்."

மணியத்தின் தாடை இறுகியது. "யாரு சொல்லிக் குடுத்தா இத?" குரல் தாழ்ந்தது. சாந்தியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

நான் லோகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் மேஜைக்குக் கீழே தெரிந்தது. அவன் இரண்டு கைகளும் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன்.

"யாரும் சொல்லிக் குடுக்கலப்பா" என்றான். "நான்தான் சொல்றேன். முந்தாநாளே படகுல நான் நிறுத்தாமப் பேசியிருக்கணும். பேசல. இப்பப் பேசுறேன். இன்னும் கொஞ்சம் இருக்கு, முழுசாக் கேளுங்க."